நாயோடு வெளியே போவதென்றால்: சென்னைப் புறநகர்வாசிகளின் கேள்விகள்

நாய் வளர்ப்போர் கேட்டவற்றுக்கு, நாய்ப் பயிற்சியாளர் ஒருவரின் பதில்கள்.

மேடவாக்கத்திலிருந்து ஒருவர்: அம்மா, எங்கள் லாப்ரடாருக்கு இரண்டு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனையும் அழைத்துக்கொண்டு வெளியே சாப்பிட ஆசை. ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) நாய்களை அனுமதிக்கும் உணவகங்களின் பெயர்களைச் சொல்வீர்களா?

பெயர்ப் பட்டியல் நான் தருவதில்லை. மேலாளர் மாறினால் அனுமதியும் மாறிவிடுகிறது. கிளம்பும் முன் போனில் கேட்டுவிடுங்கள். ‘நாய்க்கு அனுமதி உண்டா’ என்று மட்டும் கேட்டால் ‘உண்டு’ என்பார்கள். போய் இறங்கிய பிறகு கார் நிறுத்துமிடத்தில் கட்டச் சொல்வார்கள். ஆகவே விவரமாகக் கேளுங்கள். மேசைகள் திறந்தவெளியில் இருக்கின்றனவா? தரை மண்ணா, புல்லா, கல் பாவியதா? மர நிழல் உண்டா? வளாகத்திலேயே நாயோ பூனையோ வளர்க்கிறார்களா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த இடத்து நாய்க்கு உங்கள் நாய் விருந்தாளி அல்ல, எல்லை தாண்டி வந்தவன்.

நீலாங்கரையிலிருந்து உத்தண்டி வரை தோட்டத்தோடு கூடிய காபிக் கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. ஆனால் ஞாயிறு மதியம் வேண்டவே வேண்டாம். வார நாளில், வெயில் தாழ்ந்து கூட்டம் சேர்வதற்கு முந்தைய நேரம்தான் நல்லது. மூலை மேசையாகக் கேட்டு வாங்குங்கள். அவன் வீட்டில் படுக்கும் பாயையே கொண்டுபோய் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் விரியுங்கள். பழகிய வாசனை இருந்தால் சீக்கிரம் படுத்துவிடுவான், தட்டு ஏந்தி வருபவரின் காலிலும் கயிறு சிக்காது.

அதே வாசகர்: நாங்கள் சாப்பிடும்போது அவனுக்கு என்ன கொடுக்கலாம்?

வெறும் இட்லி, உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்ச்சாதம், வேகவைத்த முட்டை. சாம்பாரிலும் குருமாவிலும் வெங்காயம் இருக்கிறது. அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்திலும் கேசரியிலும் உள்ள உலர் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் ஆகாது. பிரியாணி எலும்பைப் பாசத்தோடு நீட்டும் பக்கத்து மேசைக்காரரிடம் தயங்காமல் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும்.

பாலவாக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அக்கா, என்னிடம் ராஜபாளையம் இருக்கிறது. விடியற்காலையில் கடற்கரையில் ஆளே இருப்பதில்லை. அவிழ்த்துவிட்டு ஓடவிடலாமா?

வேண்டாம் தம்பி. வேட்டைக்கென்று வளர்த்தெடுத்த இனம் அது. நண்டு ஓடினாலே பின்னால் பாயும். அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத நாய்களும் உண்டு. அப்படியானால் நீ கூப்பிட்டாலும் திரும்பாது. பத்து மீட்டர் நீளக் கயிறு ஒன்று வாங்கிக்கொள். ஓடிய நிறைவும் அதற்குக் கிடைக்கும், பிடியும் உன் கையில் இருக்கும்.

ஜனவரி முதல் மார்ச் வரை உங்கள் கரையில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் நடந்து அவற்றைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழியை நாய் மோப்பம் பிடித்துத் தோண்டிவிட்டால் அவ்வளவுதான். அந்த மாதங்களில் இருட்டு நேரத்தில் நாயோடு மணலில் இறங்கவே கூடாது. விடிந்த பிறகு, கயிற்றோடு மட்டும் போ.

வலையிலிருந்து மீனவர்கள் கழித்துப் போடும் பேத்தை மீனையும் தெரிந்து வைத்துக்கொள். வயிறு பலூன் போல உப்பி, சிறு முட்களோடு கரையில் கிடக்கும். காய்ந்து கிடந்தாலும் நஞ்சுதான். கடித்த சற்று நேரத்தில் நாயின் கால்கள் தள்ளாடத் தொடங்கும். குப்பத்துப் பக்கம் கருவாடு காயப் போட்டிருந்தால் சுற்றிக்கொண்டு போ. உன் நாய் அங்கே காலைத் தூக்கினால் போவது ஒரு குடும்பத்தின் வருமானம்.

போரூரிலிருந்து ஒருவர்: எங்களுடையது பக். மே விடுமுறையில் எங்கே அழைத்துப் போகலாம்?

எங்கும் வேண்டாம். சப்பை மூக்கு நாய்கள் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்க வேண்டும். அதற்கு அவற்றின் மூச்சுக்குழல் போதாது. அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஏழு மணிக்கு முன் தெருவில் ஒரு சுற்று போதும். தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: வண்டலூர், மாமல்லபுரம்?

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குள் வளர்ப்பு நாயைக் கொண்டுபோக முடியாது. மாமல்லபுரத்தில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள் போன்றவற்றுக்குள்ளும் அனுமதி இல்லை. ஒருவர் மாற்றி ஒருவர் வெளியே நாயோடு நிற்க வேண்டியதுதான். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரத்தையும் நன்மங்கலம் காப்புக்காட்டையும் பறவைகளுக்கே விட்டுவிடுங்கள்.

அண்ணா நகரிலிருந்து ஒருவர்: கோவளம் பக்கம் பண்ணை வீடு எடுத்து இரண்டு நாள் தங்கப் போகிறோம். நாய்க்காக எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் காவலாளியைத் தனியே அழைத்து, எலி மருந்து வைத்திருக்கிறார்களா, எங்கே என்று கேளுங்கள். உரிமையாளருக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். எலி மருந்துகளில் பல உடனே வேலை காட்டுவதில்லை. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் வரும். தின்றது தெரிந்தால் அந்த நிமிடமே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், மருந்தின் அட்டையையும் எடுத்துக்கொண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீரை அது குடிக்கக் கூடாது. எலியின் சிறுநீர் வழியாக லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல் பரவும். வருடாந்திரத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று பாருங்கள். புல்லில் புரண்டு வந்தால் காது மடல், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் தடவி உண்ணி பார்த்து எடுங்கள். இந்த ஊரில் உண்ணிக் காய்ச்சலால் போகும் நாய்கள் ஏராளம்.

சோழிங்கநல்லூரிலிருந்து ஒருவர்: உரிமம் கையில் இருக்க வேண்டுமா?

ஆம். நீங்கள் இருப்பது சென்னை மாநகராட்சி எல்லை. ராபீஸ் தடுப்பூசிச் சான்றோடு உரிமம் எடுத்தே ஆக வேண்டும். இரண்டையும் போனில் வைத்திருங்கள். பொது இடத்தில் கயிறும் வாய்மூடியும் தேவை. வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையை வாங்காதீர்கள். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம்விடும் கூடை வகையே நம் வெயிலுக்கு ஏற்றது.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: அம்மா, தெருவில் அடிபட்டுக் கிடந்த நாயை எடுத்து வளர்க்கிறோம். கூட்டத்தைக் கண்டால் நடுங்குகிறது. ஒரு காபிக் கடையில் ‘சாதி நாய்க்குத்தான் அனுமதி’ என்றும் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள். நம் மண்ணின் வெயிலையும் மழையையும் தாங்கிப் பழகியது உங்கள் நாய்தான். எடுத்து வளர்க்கிறீர்களே, மனம் நிறைகிறது.

ஆனால் அதற்கு இப்போது காபிக் கடை வேண்டாம். ஒரு மாதம் ஒரே தெரு, ஒரே நேரம். அடுத்து, கூட்டமில்லாத ஒரு டீக்கடைக்கு எதிர்ப்புறம் நின்று பத்து நிமிடம் வேடிக்கை பார்க்கட்டும். கொடுக்கும் தின்பண்டத்தை வாங்கித் தின்றால் பயம் அடங்கியிருக்கிறது என்று பொருள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் இன்னும் நாலடி தள்ளி நில்லுங்கள். காதைப் பின்னால் மடக்கி, உதட்டை நக்கி, கொட்டாவி விட்டால் உடனே வீட்டுக்குத் திரும்புங்கள், டீ பாதியில் இருந்தாலும்.