மார்பகத்துக்குள் எள்ளளவு கிளிப்: எடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. வழக்கமாக எடுக்கும் மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரேயில்) இடது மார்பகத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிகின்றன என்று சொல்லி, ஊசி வழியாகச் சதை எடுத்து சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. ஆனால் அறிக்கையின் கடைசி வரியில் ‘ரிப்பன் வடிவ கிளிப் வைக்கப்பட்டது’ என்று இருக்கிறது. அப்படி ஒன்றை வைப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை. உடம்புக்குள் உலோகம் இருந்தால் அது நகர்ந்து இதயத்துக்குப் போய்விடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. இதற்கிடையில் முதுகுவலிக்காக எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படிவத்தில் ‘உடலில் உலோகம் ஏதும் உள்ளதா?’ என்று ஒரு கேள்வி. என்ன எழுதுவது? பேசாமல் கிளிப்பை எடுத்துவிடலாமா?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது சகோதரி. உடம்புக்குள் ஒரு பொருளை விட்டுவிட்டு வருகிறோம் என்றால், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டியது எங்கள் கடமை. ஒப்புதல் படிவத்தின் நடுவில் பொடி எழுத்தில் எங்காவது இருந்திருக்கும். அது சொன்னதாக ஆகாது. ஊசி போடும் பதற்றத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லி, புரிந்ததா என்று கேட்டிருக்க வேண்டும். அறுவை மருத்துவனாக நானும் ஆரம்ப காலத்தில் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன்.

கிளிப்பை எடுக்க வேண்டாம். அதை எடுக்க வேண்டுமானால் மார்பகத்தைக் கீறித்தான் ஆக வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள, ஓர் எள் அளவேயான கம்பித் துணுக்குக்காக ஒரு தழும்பு தேவையில்லை. பெரும்பாலும் இது டைட்டானியத்தில் செய்யப்பட்டிருக்கும். எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடுகள் பலவும், பல்லுக்காகத் தாடையில் பதிக்கும் திருகாணிகளில் பெரும்பாலானவையும் இதே உலோகம்தான். துருப்பிடிக்காது, உடம்பும் அதை எதிர்த்துப் போராடாது. வெளியிலிருந்து தொட்டால் கையில் தட்டுப்படாது. விமான நிலையச் சோதனையில் மணி அடிக்காது. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலியும் நீலம்பாரித்த கன்றலும் இருந்திருக்கும். அதற்குக் காரணம் ஊசிதான், கிளிப் அல்ல. சில கிளிப்களில் நிக்கல் கலந்த உலோகம் உண்டு. மலிவு நகை, கடிகாரப் பட்டை பட்டால் தோல் அரிக்கிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சரி, புற்றுநோய்தான் இல்லையே, பிறகு ஏன் வைத்தார்கள்? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். கிளிப்பை வைக்கிற அந்த நிமிடத்தில் முடிவு என்ன என்று யாருக்கும் தெரியாது.

உங்களுக்கு நடந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்திப் பிடித்து, அசையாதீர்கள் என்று சொல்லி, மரத்துப்போக மருந்து போட்டு, எக்ஸ்ரே படம் பார்த்துப் பார்த்து ஊசியைச் செலுத்தியிருப்பார்கள். ஊசி வழியே சதை அரைத் தீக்குச்சி நீளத்தில் நூல் நூலாக வெளியே வரும். அந்த நூல்களை ஒரு தட்டில் வரிசையாகப் பரப்பி, அங்கேயே அவற்றுக்கும் ஓர் எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் உப்புப் பொடி தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், குறிவைத்த சுண்ணாம்பு கிடைத்துவிட்டது என்று பொருள். அந்த அறையில் எல்லோரும் மூச்சு விடுகிற நேரம் அது.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. புள்ளிகள் எல்லாமே ஊசியோடு வெளியே வந்துவிட்டால், உள்ளே என்ன மிச்சம்? கொஞ்சம் ரத்தக்கட்டு. சில வாரங்களில் அதுவும் கரைந்துவிடும். நுண்ணோக்கியில் பார்த்து முடிவு சொல்ல நோய்க்குறியியல் மருத்துவருக்குச் சில நாட்கள் ஆகும். அவர் ‘இது புற்றுநோய்’ என்றோ, ‘புற்றுநோய் இல்லை, ஆனால் செல்கள் சரியாக இல்லை, சுற்றியுள்ள சதையையும் எடுத்துப் பாருங்கள்’ என்றோ சொன்னால், அறுவை மருத்துவர் எந்த இடத்தை எடுப்பார்? கையால் தடவினால் கட்டி இல்லை. படத்திலும் புள்ளி இல்லை. வீட்டை இடித்த பிறகு கதவு எண்ணை வைத்துக்கொண்டு தெருவில் நிற்கிற கதைதான். அதனால்தான் ஊசியை வெளியே எடுக்கும் முன், அதே துளை வழியாக, அதே இடத்தில் கிளிப்பை விட்டுவிட்டு வருகிறோம். ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம் கேட்டிருக்கலாம். அவ்வளவுதான் அந்த வேலை.

உங்கள் முடிவு நல்லபடியாக வந்ததால் அந்தக் கிளிப்புக்கு இனி வேலையே இல்லை என்று எண்ண வேண்டாம். அடுத்தடுத்த மேமோகிராம்களைப் பார்க்கும் மருத்துவர் வேறொருவராக இருக்கலாம். அந்த இடத்தில் ஏதோ மாற்றம் போலத் தெரியும்போது, பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு ரிப்பன் இருந்தால், ‘இங்கே ஏற்கெனவே ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள்’ என்று அவருக்கு ஒரு பார்வையில் விளங்கிவிடும். தேவையில்லாத இரண்டாவது பயாப்ஸியை, அதாவது மறுபடியும் சதை எடுத்துச் சோதிப்பதைத் தவிர்க்க இது உதவும்.

ரிப்பன் ஏன் என்றால், கிளிப்கள் பல வடிவங்களில் வருகின்றன. ரிப்பன், சுருள், இறக்கை, இதயம் என்று அவற்றுக்குப் பெயர்கள். ஒரே மார்பகத்தில் இரண்டு இடங்களில் சதை எடுத்தால் ஒன்றில் ரிப்பன், இன்னொன்றில் சுருள் என்று வைப்போம். ஒன்று சாதாரணம், மற்றது புற்றுநோய் என்று முடிவு வந்தால், எது எது என்று படத்தைப் பார்த்தே பிரித்துச் சொல்லலாம். அறிக்கையில் வடிவத்தை எழுதுவது இதற்காகத்தான்.

இப்போது பக்கத்து வீட்டு அக்காவின் பயம். கிளிப்பை வைப்பது ரத்தக் குழாய்க்குள் அல்ல, மார்பகச் சதைக்குள். ஆகவே அது ரத்தத்தில் மிதந்து இதயத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. ஆனால் அக்கா சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. கிளிப், வைத்த இடத்திலிருந்து சற்று விலகுவது உண்டு. ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிய நிலையில் நினைத்துக்கொள்ளுங்கள். மடிப்புகளுக்கு நடுவே ஒரு குண்டூசியை வைத்துவிட்டுத் துருத்தியை விரித்தால் குண்டூசி எந்த மடிப்போடு ஒட்டிக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. தட்டுகளுக்கு நடுவே அழுத்திய மார்பகம் அழுத்தம் விலகி விரியும்போதும் இதுவே நடக்கலாம். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டினாலும் அது கிளிப்பைத் தள்ளிவிடலாம். அதனால்தான் எல்லாம் முடிந்த பிறகும் உங்களை மறுபடி நிற்கவைத்து இன்னொரு மேமோகிராம் எடுத்திருப்பார்கள். அலுப்பாக இருந்திருக்கும். கிளிப் சரியான இடத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் எந்தப் பக்கம் எத்தனை சென்டிமீட்டர் விலகியிருக்கிறது என்று பார்க்கத்தான் அந்தப் படம். விலகியிருந்தால் அது தவறு ஆகாது. விலகியதை எழுதாமல் விட்டால்தான் தவறு.

கிளிப் தன் முழுப் பலனைக் காட்டுவது வேறு வகை நோயாளிகளிடம். புற்றுநோய் உறுதியாகி, அறுவைக்கு முன்பே கீமோ கொடுக்க வேண்டியவர்களிடம். மருந்து நன்றாக வேலை செய்தால் எலுமிச்சை அளவு கட்டிகூட சில மாதங்களில் கையிலும் தட்டுப்படாமல், ஸ்கேனிலும் தெரியாமல் போய்விடுவது உண்டு. நோயாளி ‘கட்டிதான் கரைந்துவிட்டதே, ஆபரேஷன் எதற்கு டாக்டர்?’ என்பார். படத்தில் காணோம் என்றால் செல் அளவிலும் காணோம் என்று பொருள் இல்லை. கட்டி இருந்த இடத்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். கீமோ தொடங்கும் முன் வைத்த கிளிப் இல்லையென்றால் அந்த இடத்தை யார் காட்டுவது? அக்குளில் நெறிக்கட்டிக்கும் நோய் பரவியிருந்தால் அதிலும் ஒரு கிளிப் வைப்பதுண்டு. அக்குளில் இந்த நெறிக்கட்டிகள் (நிணநீர்க் கணுக்கள்) நிறைய. மருந்துக்குப் பிறகு எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். எது நோய்பட்ட கணுவோ, அதையே தேடி எடுத்துச் சோதிக்க அந்தக் கிளிப்தான் வழிகாட்டும்.

அறுவை நாளில் மெல்லிய கம்பி ஒன்றை எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் உதவியோடு கிளிப் வரை செலுத்திவிட்டு நோயாளியை எங்களிடம் அனுப்புவார்கள். கம்பிக்குப் பதிலாக, கருவி வைத்துக் கண்டுபிடிக்கும் காந்த விதை, கதிரியக்க விதை என்ற சின்னத் துணுக்குகளை வைக்கும் புதிய வழிகளும் உண்டு. கம்பியின் நுனியைத் தொடர்ந்து போய்ச் சதையை எடுத்ததும், தையல் போடுவதற்கு முன்பே, எடுத்த துண்டை எக்ஸ்ரேக்கு அனுப்புவோம். சாம்பல் நிறப் படத்தின் நடுவில் அந்தச் சின்ன ரிப்பன் பளிச்சென்று தெரிந்த பிறகுதான் தையல். தெரியாவிட்டால் தேடல் தொடரும்.

அடையாளம் வைப்பது மார்பகத்துக்கு மட்டும் உரிய வேலை அல்ல. பெருங்குடலில் சந்தேகமான பாலிப் (உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) இருந்தால் அதன் அருகே குடல் சுவரில் கரித்துகள் மையால் பச்சை குத்துவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நிஜமான பச்சைதான், வருடக்கணக்கில் அழியாது. குடலுக்கு வெளியிலிருந்து பார்க்கும் அறுவை மருத்துவருக்கு உள்ளே இருக்கும் சின்ன பாலிப் தெரியாது. குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபிக் குழாயில் ‘இத்தனை சென்டிமீட்டரில்’ என்று குறிப்பதையும் முழுக்க நம்ப முடியாது. குழாயின் மேல் குடல் சுருங்கி ஏறிக்கொள்ளும், அங்கேயும் அதே துருத்திக் கதை. மை ஊறிய நீலக் கறுப்புத் திட்டு குடலின் வெளிப்புறத்தில் தெரிந்தால் தடுமாற வேண்டியதில்லை.

தோலில் எடுக்கும் பயாப்ஸிக்குக் கிளிப்பும் வேண்டாம், மையும் வேண்டாம், ஒரு புகைப்படம் போதும். ஆனால் அதைத்தான் அதிகம் மறக்கிறோம். முதுகில் ஏழெட்டு மச்சங்களோடு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். வேறிடத்தில் ஒன்றைச் சுரண்டி எடுத்து, தோல் புற்றுநோய் என்று முடிவு வந்து, மீதியை அறுத்தெடுக்க அனுப்பியிருந்தார்கள். கடிதத்தில் ‘முதுகு, இடது மேல்பகுதி’ என்று மட்டும் இருந்தது. அதற்குள் புண் ஆறிப்போய், அங்கே இரண்டு வெளிறிய தழும்புகள். அவர் ஒன்றைக் காட்டினார், மனைவி மற்றதைக் காட்டினார். நானும் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், சொல்ல முடியவில்லை. கட்டுப் பிரிக்கும்போது ‘எப்படி இருக்கிறது பார்’ என்று மகள் கைபேசியில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அதில் தோள்பட்டை எலும்பும் பக்கத்து மச்சமும் சேர்ந்து விழுந்திருந்தன. மனைவி காட்டியதுதான் சரி. நெருக்கத்தில் புண்ணை மட்டும் எடுத்திருந்தால் அந்தப் படம் எதற்கும் உதவியிருக்காது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சுண்ணாம்புப் புள்ளிகளை எடுத்த பிறகு, முடிவு நல்லதாக இருந்தாலும், எத்தனை மாதத்தில் அடுத்த படம் என்று உங்கள் மருத்துவர் ஒரு தேதி சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். எந்த மார்பகம், கடிகார முள்படி எந்தத் திசை, காம்பிலிருந்து எவ்வளவு தூரம், கிளிப்பின் வடிவம், வைத்த தேதி ஆகிய ஐந்தும் இருக்கிற பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். ஊசி போட்ட இடம் சிவந்து சூடானாலோ, வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

எம்ஆர்ஐ எடுக்கலாம். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. மார்பக எம்ஆர்ஐ என்றால் கிளிப் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி விழும், முதுகெலும்புப் படத்துக்கு அதனால் பாதகம் இல்லை. ஆனால் ‘இது சின்னது, எதற்குச் சொல்ல வேண்டும்’ என்று படிவத்தில் ‘இல்லை’ போட்டுவிடாதீர்கள். ‘ஆம்’ என்று குறித்து, பக்கத்தில் ‘இடது மார்பகம், பயாப்ஸி கிளிப், ரிப்பன் வடிவம்’ என்று எழுதி, தேதியைச் சேர்த்து, அந்த அறிக்கையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்த உலோகம் என்று அவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு உங்களை உள்ளே அழைப்பார்கள்.