எபாக்சிக்குள் புதைந்த அறிவு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

குமரி மாவட்டத்துக் கருங்கல் பக்கம் எங்கள் ஊர். அப்பா மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார், ஐ.டி.ஐ. படிப்புதான். கிணறு வற்றினால் மோட்டாரைத் தானே நிறுத்தி, தண்ணீர் ஊறியதும் மறுபடி ஓடவிடும் ஒரு கன்ட்ரோல் பெட்டி செய்திருக்கிறார். அக்கம்பக்கத்துத் தோப்புகளில் ஓடுகிறது. காப்பியடித்துவிடுவார்கள் என்று ஐ.சி. (சிப்) மேல் இருக்கும் நம்பரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போர்டு மேல் கல்லாக இறுகும் எபாக்சிப் பசையை ஊற்றி மூடிவிடுகிறார். பேட்டன்ட் எடுக்க லட்சக்கணக்கில் ஆகுமா? எடுத்தாலும் பெரிய கம்பெனிக்காரன் திருடினால் என்ன செய்ய? கல்லூரி வழியாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார் எங்கள் பேராசிரியர், அவர் பெயரையும் சேர்க்க வேண்டுமாம். நீங்கள் அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு இன்ஜினியரிங் மாணவன்

அன்புள்ள தம்பிக்கு,

லட்சம் என்பதெல்லாம் டீக்கடைக் கணக்கு. தனி ஆள் இணையத்தில் விண்ணப்பம் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதிக்கச் சொல்ல இன்னொரு 4,000. விண்ணப்பம் எழுதித் தர பேட்டன்ட் ஏஜென்ட் வைத்தால் அவருக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும், அதுதான் பெரிய செலவு. பேராசிரியர் விஷயத்துக்கு ஒரு வரி போதும்: கண்டுபிடித்தவர் எவரோ அவர் பெயர்தான் கண்டுபிடிப்பாளர் இடத்தில் வர வேண்டும், பேராசிரியர் அந்தப் பெட்டிக்குள் ஒரு கம்பியையாவது மாற்றினாரா என்று கேளுங்கள். இன்றைக்குப் பல கல்லூரிகளில் ‘பேட்டன்ட் பப்ளிஷ்டு’ என்று பேனர் கட்டுகிறார்கள். விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனால் அது தானாகவே பிரசுரமாகும். ஒருவரும் அதைச் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குப் போய் பேனர்!

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது எபாக்சிதான்.

தக்கலை பக்கம் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு, ஷீட் அடித்துப் புகைப்புரையில் உலர்த்துவோம். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் ஷீட்டில் கொப்புளம் போடும். குறைந்தால் ஈரம் போகாது, பூசணம் பிடித்து ரகம் இறங்கிவிடும். ராத்திரி விறகு தள்ள ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும். அவர் ஒரு பெட்டி செய்து தந்தார். சூடு ஏறினால் அடுப்புக்குக் காற்றுப் போகும் துவாரத்தின் தகடு தானே மூடும், இறங்கினால் திறக்கும். இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பீர்கள். விஷயம் புகையில் இருக்கிறது. சென்சாரின் மேல் கரிப்பிசின் படிந்துகொண்டே வரும், படியப் படிய அது சூட்டைத் தாமதமாகத்தான் உணரும். பெட்டி ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஷீட் வெந்துவிடும். மனிதர் அதற்கு ஏதோ வழி கண்டிருந்தார். சென்சாரை ஒரு மெல்லிய குழாய்க்குள் வைத்து, குழாயை மட்டும் உருவித் துடைக்கும்படி செய்திருந்தார். அது வெளியே தெரிந்தது. உள்ளே போர்டில் தாமதத்துக்காக வேறு ஏதோ ஒரு சரிக்கட்டலும் வைத்திருந்தார். அது என்னவென்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. ஐ.சி. நம்பர்கள் சுரண்டப்பட்டு, மேலே எபாக்சி ஊற்றி... அதே கதைதான்.

அவர் இறந்தபின் பெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் மகனும் நானும் ஒன்றை உளி வைத்து உடைத்தோம். எபாக்சியோடு பாகங்களும் பெயர்ந்து வந்தன. எவனும் திருடவில்லை, வாஸ்தவம்தான். திருட ஒன்றும் மிஞ்சவில்லை என்பதும் வாஸ்தவம்தான்.

காப்புரிமை, அதாவது பேட்டன்ட், என்பது ரகசியத்துக்குப் பூட்டுப் போடும் வேலை என்று உங்கள் அப்பா நினைக்கிறார், நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். அது நேர் எதிரான காரியம் தம்பி. இன்னொருவன் படித்துச் செய்கிற அளவுக்கு, உங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த முறையை முழுதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து 20 வருஷம் உங்கள் அனுமதி இல்லாமல் எவரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. 20 வருஷம் கழித்து அது ஊர்ச் சொத்து. மறைத்து எழுதினால் அதையே காரணமாகக் காட்டிக் காப்புரிமையை ரத்துசெய்ய முடியும். ஆக, எபாக்சி ஊற்றும் கைக்கு இது முதலில் பழகாது.

எழுதும்போதுதான் உண்மையில் என்ன கண்டுபிடித்தோம் என்பதே தெரியவரும். ரிலேயும் டைமரும் ஐ.சி.யும் புதுசு இல்லை. தெரிந்த சாதனங்களைச் சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதது தன் வேலையை மட்டும் செய்தால் காப்புரிமை இல்லை என்று 1970 சட்டத்தின் 3ஆம் பிரிவே சொல்கிறது. அப்பாவிடம் கேளுங்கள்: தண்ணீர் இருக்கிறதா என்று அறியக் கிணற்றில் கம்பி இறக்கியிருக்கிறாரா, இல்லை மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறைவதை வைத்துக் கண்டுபிடிக்கிறாரா? கம்பி என்றால், டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கொடுத்தால் கம்பி அரித்துப்போகுமே, என்ன செய்தார்? கடலோரக் கிணறுகளில் கம்பிகளுக்கு நடுவே உப்பு படிந்து, ஈரத்தில் கரண்ட் பாய்ந்து, வற்றிய கிணற்றையும் ‘தண்ணீர் இருக்கிறது’ என்று காட்டுமே, அதை எப்படித் தாண்டினார்? ஆம்பியர் என்றால், மோட்டார் நின்றபின் ஊற்று வந்ததை எதை வைத்து அறிகிறார்? இந்தப் பதில்களில் எங்கோதான் அவருடைய கண்டுபிடிப்பு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை, சொந்த அப்பாவின் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து கேட்டதில்லை! எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

கம்பெனிக்காரன் திருடினால்? திருடுவான். ராபர்ட் கெர்ன்ஸ் என்ற அமெரிக்கர், கார் வைப்பர் நம் கண்ணிமை போல விட்டு விட்டு இயங்க வேண்டும் என்று ஒரு கன்ட்ரோல் செய்தார். மின்தேக்கி, மின்தடை, டிரான்சிஸ்டர், எல்லாமே கடையில் கிடைப்பவை. 1963இல் ஃபோர்டு கம்பெனிக்குக் காட்டினார். 1967இல் காப்புரிமை கிடைத்தது. 1969இல் அவர்களே அப்படி ஒரு வைப்பரைக் காரில் வைத்தார்கள். 1978இல் வழக்குப் போட்டார். எல்லாம் தெரிந்த பாகங்கள்தானே என்றார்கள் எதிர்த்தரப்பில். 1990இல் ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்தது ஃபோர்டு. பிறகு கிரைஸ்லரையும், தானே வாதாடி, ஜெயித்தார். அதற்குள் அந்தக் காப்புரிமையின் காலமே முடிந்திருந்தது, குடும்பமும் பிரிந்திருந்தது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆனால் அவர் கையில் எழுத்து இருந்தது, தேதி இருந்தது. அது இல்லாவிட்டால் கோர்ட் வாசலையே மிதித்திருக்க முடியாது.

இப்போது அவசரமான ஒன்று. தோப்புகளில் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விற்றதா, சோதித்துப் பார்க்கக் கொடுத்ததா? விண்ணப்பத்துக்கு முன்பே விற்றிருந்தால் ‘புதுமை’ போய்விட்டது என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம். பொது இடத்தில் வைத்துத்தான் சோதிக்க முடியும் என்கிற பொருளுக்கு, விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருஷச் சோதனைக்குச் சட்டம் கொஞ்சம் இடம் தருகிறது, அவ்வளவுதான். அதனால் பழைய பெட்டியோடு மல்லுக்கட்டாமல், அதற்குப் பின் அப்பா செய்த திருத்தம் எது, இன்னும் வெளியே போகாதது எது என்று பாருங்கள். யூடியூபில் போட்டுவிடாதீர்கள். முதலில் தற்காலிக விவரணம் (கண்டுபிடிப்பு இன்னதென்று சொல்லும் முதற்கட்டக் குறிப்பு) கொடுத்துத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரணம் கொடுக்கலாம். நம் பக்கத்துக்குச் சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகம், ஆனால் போக வேண்டிய தேவை இல்லை.

கட்டுரை இப்போது எழுத மாட்டேன். எழுதி அதில் வேலை செய்யும் விதமும் வந்துவிட்டால் அதுவே உங்களுக்கு எதிராக நிற்கும். அப்பா சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு நோட்டில் எழுதுங்கள், பலிக்காமல் போனவற்றையும் சேர்த்து, தேதி போட்டு. எங்கள் வீட்டுக் கிணறும் கோடையில் பாதி நாள் வற்றித்தான் கிடக்கிறது. அப்பாவிடம் ஒரு பெட்டி விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், விண்ணப்ப எண் வந்த பிறகு. எபாக்சி ஊற்றாத பெட்டியாகத் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்