ஒரே தோட்டத்துல ஒரு மரத்துல மட்டும் லைக்கன் அப்பிக் கிடக்குறது ஏன்?

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துல ஒரு மரம் பூரா வெள்ளைத் திட்டு, பக்கத்து மரம் சுத்தமா இருக்கு, இது நோயான்னு கேட்டிருக்கீங்க. நோய் இல்லீங்க. லைக்கன்ங்கறது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துறது, வேர் கிடையாது, மரத்தோட சத்தை உறிஞ்சாது, தன் சாப்பாட்டை அந்தப் பாசியே வெயில்ல தயாரிச்சுக்கும், தண்ணியும் தாதுச்சத்தும் மழை, பனி, காத்துல வர்ற தூசி வழியா வரும், அதனால தண்ணி மரத்துல எந்த வழியா வழியுதுங்கறதுதான் முக்காவாசி விஷயம். சாய்ஞ்ச மரத்தைப் பாருங்க, மேல்பக்கம் நனைஞ்சு லைக்கன் நிறைஞ்சிருக்கும், அடிப்பக்கம் காஞ்சு கிடக்கும், அங்க வேற ரகம் வரும், இல்லன்னா ஒண்ணும் இருக்காது. வெயில், பட்டையோட சொரசொரப்பு, புளிப்புத்தன்மை இதெல்லாமும் உண்டு. ரப்பர்ல பால் வெட்டுற இடத்துல பட்டையை சீவிக்கிட்டே இருக்கோம், வருஷத்துக்கு சில மில்லிமீட்டர் மட்டும் வளர்ற ஒண்ணு அங்க எப்படி பிடிக்கும்? மழைக்குக் கட்டுற பிளாஸ்டிக்குக்குக் கீழயும் ஈரம் கம்மிதான்.

அமெரிக்காவோட வடமேற்குல இருக்கிற பழைய டக்ளஸ் ஃபிர்ங்கற ஊசியிலை மரக் காட்டுலயும் லைக்கன் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது. லோபேரியா ஓரகானான்னு இலை மாதிரி ஒரு பெரிய லைக்கன், உயரத்துல உள்ள கொப்புகள்ல குவிஞ்சிருக்கும், காத்துல உள்ள நைட்ரஜனைப் பிடிச்சு வச்சு கீழ விழுந்து மக்கும்போது மண்ணுக்குக் குடுக்கும், இளங்காட்டுல அது ரொம்ப கம்மி, ஏன்னா மரத்துக்கு மரம் பரவ அதுக்கு அவ்வளவு காலம் பிடிக்கும்.

உங்க மரத்துல சுரண்டவும் வேண்டாம், மருந்தும் அடிக்க வேண்டாம், வீண் செலவு.