பட்டறை பதில்கள்: எஞ்சினுக்கும் மூச்சு வேண்டும்

கேள்வி: என் யமஹா ஆர்15 பைக்கில் புளியரை ஏற்றம் ஏறும்போது 7,400 ஆர்பிஎம் தொட்டதும் சத்தமும் இழுவையும் மாறுகின்றன. ஹோண்டா கார்களில் வரும் வி-டெக் இதுதான் என்கிறான் நண்பன். உண்மையா?
- கல்லூரி மாணவர், கடையநல்லூர்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் தம்பி. எஸ் வளைவில் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். பாரம் ஏற்றிய லாரி எதிரே இறங்கும்போது அதற்கும் நமக்கும் இடம் போதாது. அந்த மலையடியில் 30 வருடம் வண்டி வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

நண்பர் சொன்னது ஏறக்குறைய சரி. இரண்டும் அண்ணன் தம்பி. அண்ணன் 1989-ல் ஹோண்டா இன்டெக்ராவில் பிறந்தது.

நடக்கும்போது மூக்கால் விடும் மூச்சே போதும். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு ஏறினால் வாயைத் திறக்க வேண்டியிருக்கும். எஞ்சினுக்கு வால்வுதான் வாய். அது எவ்வளவு திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கேமின், அதாவது சுழலும் தண்டில் இருந்து வால்வைத் தள்ளும் மேட்டின், வடிவம் முடிவு செய்கிறது. ஊருக்குள் ஓடத் தோதான கேம் போட்டால் வேகத்தில் மூச்சு திணறும். பந்தயக் கேம் போட்டால் சிக்னலில் நிற்கும்போதே எஞ்சின் குலுங்கும். ஹோண்டா இரண்டையும் ஒரே தண்டில் வைத்தது. இரண்டு வால்வுக்கு மூன்று கேம்: ஓரத்தில் இரண்டு குட்டை, நடுவில் ஒரு நெட்டை. குறைந்த வேகத்தில் நெட்டைக் கேம் தன் ராக்கரை (கேமின் தள்ளலை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல்) சும்மா ஆட்டிக்கொண்டிருக்கும். வேகம் ஏறியதும் ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளும். மூன்று ராக்கரும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் நெட்டை சொல்வதுதான் சட்டம். அந்த இன்டெக்ராவின் 1,595 சிசி பி16ஏ எஞ்சின், காற்றை அழுத்தி ஊதும் டர்போ இல்லாமலே 160 குதிரைத்திறன் தந்தது இப்படித்தான். உங்கள் பைக்கில் பின்னைத் தள்ளுவது சோலினாய்டு என்ற மின்காந்தக் கருவி. அதுவும் காற்று உள்ளே வரும் வால்வுகளுக்கு மட்டும். பி16ஏ-யில் புகை போகும் பக்கமும் இந்த ஏற்பாடு உண்டு.

ஜப்பான்காரர்கள் சின்ன எஞ்சினோடு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டினார்கள்? அங்கே அந்தக் காலத்தில் 2,000 சிசியைத் தாண்டினால் வரி கடுமையாக ஏறும். அதனால் அளவைக் கூட்டாமல் மூச்சைக் கூட்டப் பழகினார்கள். 1969 நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் எஸ்20 எஞ்சினைப் பாருங்கள்: 1,989 சிசி, ஆறு சிலிண்டர், 24 வால்வு, 160 குதிரைத்திறன். 1999-ல் வந்த ஹோண்டா எஸ்2000 ஏறக்குறைய அதே அளவில், நான்கே சிலிண்டரில் 250 எடுத்தது. எனக்குக் கிடைத்தால் நான் வாசலில் நிறுத்திவைக்கும் கார் அதுதான்.

சில வருடம் முன்பு கொல்லம் பக்கமிருந்து ஒரு வி-டெக் கார் வந்தது. மேல் வேகத்தில் இழுவையே இல்லை, எஞ்சினை இறக்க வேண்டும் என்று எங்கோ சொல்லியிருக்கிறார்கள். வி-டெக்கில் பின்னுக்குப் போகும் ஆயிலைத் திறந்துவிடவும் ஒரு சோலினாய்டு உண்டு. அதைக் கழற்றினேன். அதன் சல்லடை முழுக்கக் கரிய கசடு. ஆயில் மாற்றாமலே ஓட்டியிருக்கிறார். பின்னைத் தள்ள அழுத்தம் எங்கிருந்து வரும்? சுத்தம் செய்து புது ஆயில் ஊற்றினேன், வண்டி பழையபடி ஓடியது.

கேள்வி: 1990-களின் ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்கும் 280 குதிரைத்திறன் என்றே போட்டிருக்கிறதே?
- வாசகர், தென்மலை

அது கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்த உச்சவரம்பு. 1989 ஸ்கைலைன் ஜிடி-ஆரின் ஆர்பி26 எஞ்சினுக்கும் 280, 1993 டொயோட்டா சுப்ராவின் 2,997 சிசி 2ஜேஇசட்-க்கும் 280. எண்தான் ஒன்று, எஞ்சின் ஒன்றல்ல. 2ஜேஇசட்டில் இரண்டு டர்போ உண்டு. முதலில் ஒன்று மட்டும் ஊதும், வேகம் ஏறியதும் மற்றதும் சேரும். வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் பின்னாளில் பலர் அதில் பல மடங்கு சக்தி ஏற்றினார்கள். 2004-ல் 300 குதிரைத்திறன் ஹோண்டா லெஜண்ட் வந்ததோடு அந்த வரம்பு போனது.

கேள்வி: துபாயில் இருக்கும் என் அண்ணன் பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கினார். ஆயில் குறைந்துகொண்டே போகிறதாம். ஏமாந்துவிட்டாரா?
- வாசகி, புனலூர்

பயப்படாதீர்கள் அம்மா. அதில் பிஸ்டன் இல்லை. நிலக்கடலைத் தோடு போல நடுவில் லேசாக இடுங்கிய கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளிலும் உள்ள சீல்கள் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே போகும். சீல் தேயாமலிருக்க எஞ்சினே கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே விட்டு எரிக்கிறது. அது பழுதல்ல.

அந்தச் சீல்தான் மஸ்டாவைப் பாடாய்ப் படுத்தியது. சோதனை எஞ்சின்களின் சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. பிசாசின் நகக்கீறல் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோவும் 47 பேர் கொண்ட குழுவும் போராடி அதைத் தீர்த்த பிறகுதான் 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. 1991-ல் நான்கு ரோட்டர் மஸ்டா லு மான் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றது. அந்தச் செய்தியைப் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் எரியும் அறை நீளமாக, ஒடுக்கமாக இருப்பதால் பெட்ரோல் முழுதாக எரியாது. புகை விதிகள் இறுகியபோது அதுதான் பாதகமானது. ஆர்எக்ஸ்-8 உற்பத்தி 2012-ல் நின்றது.

அண்ணனிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் குச்சியைப் பார்க்கட்டும். அப்புறம், சூடான எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகிறதா என்று கவனிக்கட்டும். இழுத்தடித்தால் ரோட்டரி எஞ்சினுக்கென்றே உள்ள மீட்டரில் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) பார்க்க வேண்டும். அந்த எஞ்சினில் ரோட்டர் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று முகம், ஆக ஆறு அளவு. எழுதி அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.