கூண்டைத் திறந்துவிட்ட தங்காள்

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சொந்த ஊர் சென்னிமலைப் பக்கம். கூடப் படித்த சிநேகிதி ஒருத்தி திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறாள். ஒரு வருடமாக ராத்திரியில் உட்கார்ந்து அண்ணன்மார் கதையை, அதுதான் நம் பக்கம் உடுக்கையடித்துப் பாடுகிற பொன்னர், சங்கர், தங்கை தங்காள் கதையை, வேறு மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறாள். பிடித்த கதையின் ஆட்களை வைத்து ரசிகர்களே எழுதுகிற ஃபேன் ஃபிக்ஷனாம், அதிலும் 'ஏயூ' (மாற்று உலகம்) வகையாம். ஆட்கள் அவர்களேதான், உலகம் மட்டும் வேறு. தங்காள் ஆசைப்பட்ட கிளியைச் சங்கர் வேட்டுவர் காட்டிலிருந்து பிடித்து வருகிறார் அல்லவா? அன்றைக்கு ராத்திரியே தங்காள் கூண்டைத் திறந்துவிட்டுவிடுகிறாள். கதை அங்கிருந்து வேறு பக்கம் போகிறது. இதுவரை 31 அத்தியாயம். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் "சூப்பர்டி"யைத் தாண்டி என்ன சொல்வதென்று தெரியவில்லை. அது அவளுக்கும் போதவில்லை, முகத்திலேயே தெரிகிறது. என் வீட்டுக்காரரோ, "இரவல் ஆளுகளை வெச்சு எழுதறதுக்குச் சொந்தமா ஒரு கதை எழுதலாமில்ல?" என்கிறார். அவளிடம் கேட்டுக்கொண்டு 6 அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறேன்.

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. இரவல் என்று பார்த்தால் நம் பக்கம் கதை சொன்னவர்கள் எல்லாருமே இரவல்காரர்கள்தான். மதுரையை ஆண்டு அர்ச்சுனனை அலையவிட்ட அல்லி வியாசரிடம் கிடையாது, நம் ஆட்கள் உண்டாக்கியவள். அண்ணன்மார் கதை மட்டும் ஒரே கதையா என்ன? 1965 வாக்கில் பிரெண்டா பெக் என்ற மானுடவியலாளர் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி இதை ஒலிநாடாவில் பிடித்தார். கூட்டத்துக்கு நடுவில் பாடியது ஒரு மாதிரி, அதே பாடகர் பிறகு நிதானமாகச் சொல்லி எழுதவைத்தது இன்னொரு மாதிரி. இத்தனைக்கும் ஒரே ஆள்.

இனி உங்கள் சிநேகிதி. கதை தெரியாதவர்களுக்காக, நான் கேட்டு வளர்ந்த பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்கிளி மட்டும் பிடிபடுகிறது. ஆண்கிளி வேட்டுவர் வீட்டு வீரத்தங்காளிடம் போய் அழுகிறது. அவள் தன் அண்ணன்களிடம் சொல்கிறாள். அதற்குப் பழியாகக் கொம்பன் என்கிற காட்டுப்பன்றி வந்து வெள்ளாமையை அழிக்கிறது. பன்றி வேட்டை, சண்டை, கடைசியில் அண்ணன்மார் விழுந்து சாகிற படுகளம். சங்கரைக் காப்பாற்ற ஆசைப்படுகிற யாரும் படுகளத்துக்குப் போய்த்தான் நிற்பார்கள். கையில் இன்னும் பெரிய வாளாகக் கொடுப்பார்கள், வஞ்சகனை முன்கூட்டியே கண்டுபிடிக்க வைப்பார்கள். உங்கள் சிநேகிதியோ அங்கே போகவே இல்லை. தண்ணீர் காட்டை அடித்துக்கொண்டு போன பிறகு அணை கட்டாமல், மடையிலேயே திருப்பிவிட்டுவிட்டார். எது மடை என்று தெரிவதற்கு அந்தக் கதைக்குள் எத்தனை நாள் குடியிருந்திருக்க வேண்டும்!

பன்றி வருகிற அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். ராத்திரி, கம்பங்காடு, ஒரு கிழவர் காவலுக்குப் படுத்திருக்கிறார். சத்தம் கேட்டுப் பந்தத்தைத் தூக்குகிறார். பன்றி தலை நிமிர்ந்து பார்க்கிறது, வாயோரம் பாதி மென்ற கதிர். "போ சாமி, தின்ன வரைக்கும் போதும்" என்கிறார். அது கிளுவை வேலிச் சந்தில் உடம்பை நெருக்கிக்கொண்டு போய்விடுகிறது. விடிந்ததும் கிழவர் சந்தில் வேலாமுள்ளை வெட்டி அடைக்கிறார். அவ்வளவுதான் அத்தியாயம். பன்றிக்குப் பெயரே இல்லை. ஆனால் பாட்டைக் கேட்டவனுக்கு அது யார் என்று தெரியும், வயிற்றைப் பிசைகிறது. சொந்தமாக ஒரு பன்றியை உண்டாக்கி எழுதியிருந்தால் எனக்கு அது வெறும் பன்றி. உங்கள் வீட்டுக்காரருக்கு இதையும் படித்துக் காட்டுங்கள்.

ஒரு குறை உண்டு. நாலாவது அத்தியாயத்தில் தங்காள் வரமிளகாய் அரைக்கிறாள். கதை நடப்பது சோழராசா காலம் என்று அவரே எழுதியிருக்கிறார். மிளகாயோ, வாஸ்கோடகாமா 1498இல் கரையேறிய பிறகு போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. வேறு உலகம்தானே, விளைந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லலாம். எனக்கு ஒப்பவில்லை. அவர் மாற்றியது ஒரு கூண்டுக் கதவை. மற்றதெல்லாம் இருந்தபடியே இருந்தால்தான் அந்தக் கதவு திறந்தது நமக்குத் தெரியும். குறுமிளகாக மாற்றச் சொல்லுங்கள், அம்மி அப்படியே இருக்கட்டும்.

அவரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். போனை எந்த வரியில் கவிழ்த்து வைத்தீர்களோ, அந்த வரியைச் சொல்லுங்கள். எழுதுகிறவர்கள் அதைக் கேட்கத்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

நான் கவிழ்த்து வைத்த இடம் நீங்கள் அனுப்பியதில் கடைசி. அதைச் சொல்ல என் கதை கொஞ்சம் வேண்டும். எட்டு வயதில் அப்புச்சி ஊரில் படுகளம் பார்த்தேன். பாட்டில் அண்ணன்மார் விழுகிற நேரம், உடுக்கை வேகமெடுக்க, கூட்டத்தில் நின்றிருந்த ஆம்பளைகள் ஒவ்வொருவராக மரம் சாய்ந்த மாதிரி விழுந்தார்கள். என் மாமாவும் விழுந்தார். வேட்டியெல்லாம் புழுதி, கண் செருகிவிட்டது. செத்தே போனார் என்று நான் அழுத அழுகையில் அம்மிச்சி வாயைப் பொத்தினார். பிறகு தங்காளாக வந்த ஒரு சின்னப் பெண் தண்ணீரைத் தெளித்து எழுப்பிக்கொண்டே வந்தாள். மாமா எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்து, "ஏன்டா அழுகறே?" என்றார்.

உங்கள் சிநேகிதியின் உலகத்தில் யாரும் விழவில்லை. அதனால் எழுப்ப ஆள் வேண்டியதில்லை, கோயிலில்லை, பாட்டுமில்லை. உடுக்கைக்காரர் ஒருவர் வெயிலில் நடந்து வந்து ஒரு திண்ணையில் உட்காருகிறார். கிழவியாகிவிட்ட தங்காள் மோர் ஊற்றுகிறாள். "உங்க ஊர்ல பாட்டாப் பாடறாப்பல என்னுங்க நடந்துச்சு?" என்று கேட்கிறார். அவள் கொஞ்ச நேரம் யோசிக்கிறாள். "ஒண்ணும் நடக்குலீங்க." அவர் மோரைக் குடித்துவிட்டு, உடுக்கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கிறார்.

மிச்சம் 25 அத்தியாயத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பன்றி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிய வேண்டும்.