வயிற்றில் காலை ஒட்டாதீர்கள்: கற்பனைப் பூச்சிகள் பற்றிய கேள்வி பதில்

புதியவள்: கற்பனைப் பூச்சி வரைய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

உடம்பிலிருந்து. பலரும் இறக்கையின் அழகில் மயங்கி அதை முதலில் வரைந்துவிட்டு, நடுவில் ஒரு குச்சியைச் செருகி உடம்பு என்கிறார்கள். பூச்சிக்குத் தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகள். மார்பு மூன்று வளையங்களால் ஆனது. வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால். இறக்கைகள் இரண்டாம், மூன்றாம் வளையங்களில் முளைக்கும். வயிற்றில் காலை ஒட்டாதீர்கள். பென்சிலால் மூன்று வட்டம் போட்டு அவற்றின் அளவை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள். மார்பு பருத்து இடை நூலாக இளைத்தால் குளவிச் சாயல் வரும். மூன்றும் ஒட்டித் தடித்தால் வண்டு. உங்கள் பூச்சியின் குணம் அங்கேயே பாதி முடிவாகிவிடும்.

கத்தரிக்கோல்: பழைய பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டுகிறேன். இறக்கை மட்டும் இறக்கையாகவே தெரிவதில்லை. ஏன்?

நல்ல கேள்வி. நீங்கள் வெட்டும் தாளில் கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று பார்ப்பதில்லை. இறக்கை நரம்புகள் அடியில் நெருக்கமாகக் கிளம்பி விளிம்பை நோக்கி விரியும். தாளில் உள்ள கோடுகளும் அப்படி விரிந்தால் கண் தானாகவே நம்பிவிடும். பழைய நிலப்பட இதழ் இருந்தால் கிளையாறுகள் நிறைந்த ஓர் ஆற்றைத் தேடுங்கள். கிளைகள் ஒன்றுசேர்ந்து ஓடும் தடித்த பகுதி மார்பின் பக்கம் வரட்டும், கிளைகள் விளிம்புப் பக்கம் போகட்டும். அந்த நீலக்கோடுகளை ஒட்டி வெட்டிப் பாருங்கள், நரம்பு வரையவே தேவையிருக்காது. இலையின் நிழற்படமும் உதவும். காம்பு மார்பில், நுனி வெளியே.

வண்டு என்றால் முன்னிறக்கை கடினமான மூடி. அதைக் கெட்டி அட்டையில் வெட்டிச் சற்றே திறந்த நிலையில் ஒட்டி, அடியிலிருந்து மெல்லிய செலோபேன் பின்னிறக்கை எட்டிப் பார்க்கும்படி விடுங்கள்.

வானவில்: பொன்வண்டின் பச்சை மினுக்கம் எந்த வண்ணத்தில் வரும்?

எந்த வண்ணத்திலும் வராது. அது சாயம் அல்ல. ஓட்டின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரியும் நிறம். அதனால்தான் பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது. பளபளப்பான உறைத்தாளின் மேல் பச்சை, நீலச் செலோபேன் துண்டுகளை அடுக்குங்கள். தாளைச் சாய்த்துப் பார்த்து அடுக்குங்கள்.

மழைத்துளி: வண்ணப்பென்சிலா, நீர்வண்ணமா?

கையில் இருப்பது.

எட்டுக்கால்: சிலந்தி வரையலாமா?

பெயரிலேயே பதில் இருக்கிறது. சிலந்தி பூச்சி இனம் அல்ல. வேறு ஆளிடம் கேளுங்கள்.

கோலப்புள்ளி: இறக்கையில் கோலம் போட்டு நிரப்புகிறேன். துணி அச்சு மாதிரி ஆகிவிடுகிறது.

நரம்புகளை முதலில் மெலிதாக வரையுங்கள். இரண்டு நரம்புகளுக்கு இடையில் உள்ள இடத்தை ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வண்ணத்துப்பூச்சிகளில் கண்புள்ளியும் பட்டையும் அறைக்கு அறை திரும்ப வரும், அளவு மட்டும் மாறும். 1920-களில் ஷ்வான்விட்ச், ஸுஃபெர்ட் என்ற இருவர் தனித்தனியே ஆராய்ந்து, ஒரு பெரிய குடும்பத்தின் அத்தனை இறக்கை ஓவியங்களும் ஒரே அடிப்படை வரைபடத்தின் மாறுபாடுகள் என்று காட்டினார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள்: அறைக்கு ஒரு வட்டம், ஒன்று பெரிது, அடுத்தது புள்ளி, இன்னொன்று காணாமலே போகட்டும்.

எதிர்க்காற்று: கற்பனைப் பூச்சிதானே ஐயா? பத்துக் கால் வைத்தால் யார் கேட்பது?

நான் கேட்பேன். 1702-ல் வில்லியம் சார்ல்டன் என்பவர் ஜேம்ஸ் பெட்டிவர் என்ற பூச்சி சேகரிப்பாளருக்கு ஓர் அபூர்வ வண்ணத்துப்பூச்சியை அனுப்பினார். மஞ்சள் இறக்கையில் கரும்புள்ளிகள், நீலப் பிறைகள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே அதற்குப் 'பாபிலியோ எக்ளிப்சிஸ்' என்று பெயர் சூட்டினார். 1793-ல் பேப்ரிசியஸ் என்ற பூச்சியியலாளர்தான் கண்டுபிடித்தார்: சாதாரண மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் மேல் யாரோ வண்ணம் தீட்டியிருக்கிறார்கள்! பொய் சில புள்ளிகளில் மட்டும் இருந்தது, மீதி அத்தனையும் மெய். அதனால்தான் அத்தனை ஆண்டு ஓடியது.

எதிர்க்காற்று: அது மோசடி. நான் கேட்பது கலை. மேலும், நாலே காலில் நிற்கும் வண்ணத்துப்பூச்சிகளை நானே பார்த்திருக்கிறேன்.

பார்த்திருப்பீர்கள். கோலப்புள்ளிக்குச் சொன்ன அந்தப் பெரிய குடும்பத்தில் முன்கால்கள் குறுகி மார்போடு ஒடுங்கியிருக்கும். எண்ணினால் ஆறுதான். மோசடி என்பது சரி. ஆனால் அதைச் செய்தவன் பூச்சியைக் கூர்ந்து பார்த்தவன்.

பசைக்குப்பி: இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கம்பளிப்பூச்சிக்கு வயிற்றில் கால் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அவை கணு இல்லாத சதைக்கால்கள், நுனியில் நுண்ணிய கொக்கிகள். கணுவுள்ள ஆறு கால்கள் அதற்கும் மார்பில்தான்.

எதிர்க்காற்று: ஆக, வயிற்றில் காலை ஒட்டலாம்!

புழுவுக்கு ஒட்டலாம். இறக்கை முளைத்ததற்குக் கூடாது.

தாள்மடிப்பு: தொடங்குவது எப்படி என்று சொல்வீர்களா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஊதாப்பூ: ஆரம்பத்தில் இறக்கையை வரையலாமா?

முதல் பதில். முதல் பதில்!

இரட்டைநிழல்: இரு பக்கமும் ஒரே மாதிரி வர என்ன வழி?

தாளை மடித்துப் பாதியை வெட்டுங்கள், அல்லது டிரேசிங் தாளில் பாதியை வரைந்து திருப்பிப் போட்டுத் தேயுங்கள். இறக்கையின் மேல் வரும் கோலங்களை மட்டும் கையால் வரையுங்கள். உண்மைப் பூச்சியிலும் இடமும் வலமும் இம்மி பிசகாமல் ஒத்திருப்பதில்லை.

கத்தரிக்கோல்: பசை பட்டதும் தாள் சுருங்குகிறது.

நீர்ப்பசை அதிகம். குச்சிப்பசை வாங்குங்கள், கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள்.

எதிர்க்காற்று: பிடிவாதமாகப் பத்துக் கால் புழு ஒன்றை வரைந்துவிட்டேன். மார்பில் ஆறு, பின்கோடியில் நாலு. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

உடம்பை வில்லாக வளைத்து, அளந்து அளந்து நடக்கும் புழுவை வரைந்திருக்கிறீர்கள். அதற்கு நடு உடம்பில் கால் கிடையாது, அதனால்தான் அப்படி நடக்கிறது. அது வளர்ந்தால் அந்துப்பூச்சி. பெரும்பாலும் இறக்கையைத் தட்டையாக விரித்து மரப்பட்டையில் ஒட்டினாற்போல் உட்காரும் வகை. அடுத்து அதை வரையுங்கள். பட்டையின் நிழற்படத்தை வெட்டியே இறக்கை செய்யலாம்.