முன்பணம் கட்டிய பிறகுதான் எம்.ஓ.டி. பதிவைப் பார்த்தேன், காரை எடுக்கலாமா?

கேள்வி: நான் இங்கிலாந்தில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு டீலரிடம் ஒன்பது வருடப் பழைய கார் ஒன்றைப் பார்த்தேன். ‘61,800 மைல் மட்டுமே ஓடியது’ என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். விலை 6,400 பவுண்டு. கிரெடிட் கார்டில் 500 பவுண்டு முன்பணம் கட்டினேன். வீட்டுக்கு வந்து எம்.ஓ.டி. (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) பதிவைத் திறந்தால், 2022-இலேயே 79,000 மைல் என்று இருக்கிறது. “சோதித்தவர் தப்பாக அடித்துவிட்டார். எல்லோரும் பார்க்கக்கூடிய பதிவுதானே, நீங்கள் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் முன்பணம் கிடையாது” என்கிறார் டீலர். சனிக்கிழமை காரை எடுக்க வரச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: எடுக்காதீர்கள். சனிக்கிழமைக்குள் எழுத்தில் மறுத்துவிடுங்கள். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் டீலர் சொல்லும் காரணத்தைப் பார்ப்போம். தட்டச்சுப் பிழை நடக்காத விஷயம் அல்ல. ஆனால் பிழை என்றால் ஒரு வருடத்து எண் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், அடுத்த வருடம் பழைய வரிசைக்கே திரும்பிவிடும். நீங்கள் அனுப்பிய பட்டியலில் 2019 முதல் 2022 வரை 40,100, 53,000, 66,200, 79,000 என்று வருடத்துக்குச் சுமார் 13,000 மைல் சீராக ஏறுகிறது. 2023-இல் திடீரென்று 41,300. அதன் பிறகு அங்கிருந்தே மறுபடி ஏறி 61,800-க்கு வருகிறது. நான்கு வருடமும் தொடர்ந்து யாரும் தப்பாக அடிக்க மாட்டார்கள். சரி, மைலுக்குப் பதில் கிலோமீட்டரில் பதிந்திருப்பார்களோ? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 79,000 கிலோமீட்டர் ஏறக்குறைய 49,000 மைல். அப்படியானால் அடுத்த வருடம் 41,300 எப்படி வரும்? மீட்டர் பழுதாகி வேறு மாற்றியிருக்கலாம், நேர்மையான காரணம் என்றால் அது ஒன்றுதான் மிச்சம். அப்படி என்றால் அதை விளம்பரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் இந்தக் கார் ஒரு லட்சம் மைலை ஒட்டியோ தாண்டியோ ஓடியிருக்கிறது.

இல்லையென்றால் யாரோ மீட்டரில் மைலைக் குறைத்திருக்கிறார்கள். அப்படிக் குறைப்பது மட்டுமே இந்த நாட்டில் குற்றமாகாது. குறைத்ததை மறைத்து விற்பது குற்றம். தெரிந்தே பொய்யான மைலேஜைச் சொல்லி விற்றால் 2006-ஆம் ஆண்டின் மோசடிச் சட்டம் வரை போகலாம். உங்கள் டீலருக்குத் தெரியுமா தெரியாதா என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. 1967-ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டப்படி, நீங்கள் நஷ்டஈடு கேட்டால், தான் சொன்னதை நம்பத் தனக்கு நியாயமான காரணம் இருந்தது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் இலவசமாகப் பார்க்கக்கூடிய பதிவைப் பார்க்காத வியாபாரிக்கு அது லேசில்லை.

“நீங்களே பார்த்திருக்கலாமே” என்கிறாரே, அந்த வாதம் 1881-லேயே தோற்றுப்போனது. ரெட்கிரேவ் எதிர் ஹர்ட் என்ற வழக்கில், வாங்கியவர் தன்முன் காட்டப்பட்ட தாள்களைச் சரியாகப் பார்க்காமல் விற்றவர் சொன்னதை நம்பி ஒப்புக்கொண்டார். உண்மையைக் கண்டுபிடிக்க வாய்ப்பு இருந்தது என்பதற்காக அவர் உரிமை போய்விடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. முன்பணம் கட்டும்போது பதிவைப் பார்க்காதது உங்களுக்கு எதிராக நிற்காது.

ஆனால் இப்போது பார்த்துவிட்டீர்கள். அதுதான் என் கவலை. உண்மை தெரிந்த பிறகும் போய் மீதிப் பணத்தைக் கட்டிக் காரை எடுத்தால், ஒப்பந்தத்தை நீங்களே உறுதிப்படுத்தியதாக ஆகிவிடும். பிறகு அதை ரத்து செய்யும் உரிமை போய்விடும். அதோடு ‘மைலேஜுக்கு உத்தரவாதம் இல்லை’ என்று அச்சிட்ட தாளில் கையெழுத்தும் வாங்குவார்கள். “முந்நூறு பவுண்டு குறைக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஆசை காட்டலாம். அங்கே போய் நின்றால் மறுப்பது கஷ்டம். போகவே போகாதீர்கள்.

கடிதம் பெரிதாக வேண்டாம். விளம்பரத்தில் 61,800 மைல் என்று சொன்னதை நம்பி முன்பணம் கட்டினேன், எம்.ஓ.டி. பதிவு அதைப் பொய்யாக்குகிறது, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், 500 பவுண்டை 14 நாளுக்குள் திருப்பித் தாருங்கள் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். விளம்பரம் மறைவதற்குள் அதையும் பதிவையும் படம் பிடித்து இணையுங்கள். அவர் மறுத்தால் கார்டு நிறுவனத்திடம் போங்கள். 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75-ஆம் பிரிவு: பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் இருந்து, முன்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும் கார்டு நிறுவனமும் கூட்டாகப் பொறுப்பு. டீலரின் முன்பண விதி இதைத் தடுக்காது. வியாபார முறைகேடுகளை விசாரிக்கும் உள்ளாட்சித் துறையான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் தெரிவியுங்கள், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு வழியாகத்தான் புகார் அங்கே போகும். இந்தக் காரை நாளை வேறு யாரும் வாங்கிவிடக் கூடாது.

ஏற்கனவே காரை எடுத்துப்போய்விட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. டீலரிடம் வாங்கியதில், வாங்கும்போது இருந்த குறையோ விளம்பரத்துக்கு மாறான விஷயமோ தெரிந்தால், 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் முழுப் பணத்தைக் கேட்டுத் திருப்பித் தரலாம். அதைத் தாண்டினால் முதலில் ஒரு பழுதுபார்ப்புக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டியிருக்கும். கடைசியில் திருப்பிக் கொடுத்தாலும், ஓட்டிய அளவுக்கு டீலர் காசைக் கழித்துக்கொள்ளலாம். தனிநபரிடம் வாங்கியவருக்கு இந்தச் சட்டம் உதவாது. விற்றவர் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

அடுத்த காருக்குப் போகும்போது, விளம்பரப் படத்தில் தெரியும் நம்பரை வைத்து வீட்டிலேயே எம்.ஓ.டி. பதிவைத் திறந்துவிடுங்கள். கிரேட் பிரிட்டனில் 2005 முதலான சோதனைகள் அதில் இருக்கும். பாஸா ஃபெயிலா என்பதோடு நிற்காமல், ‘கவனிக்க’ என்று எழுதியிருக்கும் குறிப்புகளைப் படியுங்கள். பிரேக் குழாயில் துரு என்று மூன்று வருடம் வந்து, நான்காம் வருடம் காணாமல் போயிருந்தால் பழுதுபார்த்த பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் சோதித்த இடம் மாறியதா என்று பாருங்கள்; லாக்புக்கில் (வாகனப் பதிவு ஆவணத்தில்) உள்ள 11 இலக்க எண்ணைப் போட்டால் இடம் தெரியும். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் நிலையை அந்தச் சோதனை பார்ப்பதே இல்லை. கடன் பாக்கி, விபத்தில் காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட கார் என்பதும் அதில் வராது. அவற்றுக்குக் காசு கொடுத்து வேறு சோதனை எடுக்க வேண்டும்.

டீலர் பதில் எழுதினால் அப்படியே எனக்கு அனுப்புங்கள். அதற்கு முன் தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.